உப்பில்லாக் கஞ்சியும் ஒரு கோதுமைக் கப்பலும்

நேற்று மத்தியானம் தெருமுனை மளிகைக் கடையில் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். வெயில் அப்படியே இருக்க, எங்கிருந்தோ நாலு பெரிய தூற்றல் விழுந்தது. கடை பாய் வெளியே அடுக்கி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்துவிட்டு எழுந்திருப்பதற்குள், நான் அவருடைய நீலத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். மூட்டுவலிக்காரன். ஒரு கையில் பருப்புப் பொட்டலம் வேறு. "சார், சார், நீங்க எதுக்கு சார்? பையன் வருவான்" என்று பாய் பதறினார். அதற்குள் மழை நின்றுவிட்டது. பந்தல் துணியைப் பிடித்துக்கொண்டு யாரோ வந்து கட்டுவார்கள் என்று காத்திருப்பவர்களைப் போல நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையோடு வானத்தைப் பார்த்து நின்றோம்.

ஆனால் அந்த வாசனை கிளம்பிவிட்டது. நனைந்த கோணியின் வாசனை. சணலும் புழுதியும் தானியமும் ஈரத்தில் கலந்து வரும் ஒரு புழுக்க வாசனை. முதல் மழையின் மண்வாசனையை மூக்கை விரித்து ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் ரசிக்க வேண்டிய ஊர்க்காரன்தான். எனக்கு அந்த நேரத்தில் எதையாவது ஓடிப்போய் மூட வேண்டும் போலிருக்கும். வீட்டுக்கு வந்து பருப்பை வைத்துவிட்டு ஜன்னல் ஜன்னலாகப் போய் மேகம் பார்த்தேன். "இங்க என்ன மூடணும் உங்களுக்கு? மொட்டை மாடியில வடாம்கூட இல்ல" என்றாள் மனைவி.

நான் பிழைத்த பிழைப்பு அப்படி. மதராஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் வேலை பார்த்தேன். வருகிற கப்பலுக்கு இடம் பிடிப்பது, குடிதண்ணீர் ஏற்றுவது, சரக்கு இறக்க ஆள் சேர்ப்பது, ரயில் வாகன் வரவழைப்பது, எல்லாம் முடிந்ததும் கப்பலை வெளியே அனுப்புவது. கடைசியில் இதற்கெல்லாம் மானேஜர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தேன். தொடங்கியது வாட்டர் கிளார்க்காக. கப்பலுக்கும் ஆபீசுக்கும் நடுவே லாஞ்சுப் படகில் போய் வருகிறவனுக்கு அந்தப் பெயர். கிணற்றில் தலைகீழாகக் குதித்து நீந்தியவன் நான். முதல் நாள் லாஞ்சு ஆடிய ஆட்டத்தில் காலையில் சாப்பிட்ட நாஷ்டாவைக் கடலுக்கே கொடுத்தேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து செய்யாற்றுப் பக்கமாக நடந்தால் வரும். எங்களுக்கு நிலம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகிற குடும்பம். உத்திரமேரூர் ஹைஸ்கூல் வரை போய்ப் படித்து முடித்தது எங்கள் வீட்டில் நான்தான் முதல். அந்தக் காரணத்தால் என் வேலை என்னவென்று ஊருக்கு விளக்க வேண்டிய பொறுப்பும் எனக்கே வந்தது. அம்மா எல்லோரிடமும் "எம்மவன் கப்பல் ஓட்டறான்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

"ஓட்டலம்மா. வந்த கப்பல சீக்கிரமா அனுப்பி வெக்கிறேன்."

"வந்தவங்கள அனுப்பறதுக்கா ஒரு உத்தியோகம்? நம்ம வூட்டுக்கு யாருனா வந்தா ஒரு வாய் தண்ணியாச்சும் குடுத்துத்தான அனுப்பறோம்?"

"தண்ணியும் குடுக்கறோம்மா."

"அப்ப சரி" என்றாள்.

கோணியில் ஆரம்பித்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கோணிப்பைக்கு இரண்டு முக்கிய உபயோகம். ஒன்று, மூலையை மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அது கொங்காணி. அதைப் போட்டுக்கொண்டு மழையில் நாள் முழுக்க நாற்று நடலாம். இன்னொன்று ஏரிக்கரை உடைந்தால் மண் நிரப்பிப் போட. ஐப்பசி கார்த்திகையில் ஏரி ததும்பி நிற்கும்போது கரைமேல் முறை வைத்து ஆள் உட்கார்ந்திருப்பார்கள். எங்காவது கசிந்து கரை கரைய ஆரம்பித்தால் அந்த ஆள் ஒரு கூவல் கொடுப்பார். "கரை போச்சே" என்று நீளமாக இழுத்து, கடைசியில் "ஓடியாங்கடோவ்" என்று முடியும். அதைக் கேட்டவன் எங்கே, எப்படி என்று கேட்கக் கூடாது. கையில் கிடைத்த கோணி, பாய், கதவுப் பலகை எதுவானாலும் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடுகிறவன் பின்னால் ஓட வேண்டும்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருடைய காவல் முறையில் ஒரு தடவை அப்படி ஆயிற்று. விடிந்தும் விடியாத நேரம். நைனாவுக்கு வீட்டில் பேச்சே குறைவு. சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார், அவ்வளவுதான். அவருக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் தெருவும் ஓடியது, பெரிய தெருவும் ஓடியது. மற்ற நாட்களில் எங்களைத் தொட்டால் குளிப்பவர்கள் அன்று எங்களோடு தோளோடு தோள் இடித்துக்கொண்டு சேற்றில் நின்று மூட்டை கை மாற்றினார்கள். கரை நின்றது. மறுநாள் எல்லோரும் குளித்துவிட்டுப் பழையபடி ஆனார்கள். விளையாட்டுக்குக்கூட யாரும் அந்தக் கூவலைக் கொடுக்க மாட்டார்கள். மாடு மேய்க்கும்போது ஒரு தடவை நான் கத்திப் பார்த்ததற்கு அண்ணன் முனுசாமி என் வாயிலேயே ஒன்று போட்டான். நைனா நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே போய்விட்டார்.

துறைமுகத்துக்கு வருகிறேன். கோதுமைக் கப்பல்கள் வரிசையாக வந்த வருஷங்கள் அவை. அடுத்தடுத்து இரண்டு வருஷம் எங்கள் பக்கம் மழை பொய்த்தது. ஏரியில் தண்ணீர் இல்லாமல் நடவில்லை. நடவில்லாததால் எங்கள் தெருவுக்குக் கூலி இல்லை. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா அரிசி மாதிரியே வேக வைத்தாள். அது நாள் பூரா வெந்து, பல்லில் ரப்பர் மாதிரி நின்றது.

அந்தக் கோதுமை மூட்டையாக வராது. கப்பலின் வயிற்றில், அதாவது ஹோல்டில், மணல் கொட்டினாற்போல் அப்படியே கிடக்கும். மேலே தளத்தில் ஒரு பெரிய சதுர வாய் இருக்கும். அதை ஹாட்ச் என்போம். ஆட்கள் இரும்பு ஏணி வழியாக உள்ளே இறங்கி, முழங்கால் அளவு தானியத்தில் நின்று, தகர முறத்தால் அள்ளிக் கோணியில் நிரப்பி, ஊசியால் வாய் தைப்பார்கள். பிறகு கப்பலின் தூக்கு இயந்திரமான வின்ச் மேலே தூக்கும். கப்பல்கள் குவிந்ததில் ஆள் பற்றாமல் போயிற்று. என்னை அப்போதைய மானேஜர் கூப்பிட்டு, "உங்க பக்கம் ஆள் கிடைக்குமாய்யா?" என்றார். நான் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அண்ணன் முனுசாமி, அம்மாவுக்குத் தம்பி முறையான கன்னியப்பன் மாமா, இன்னும் எங்கள் தெருவிலிருந்து தெம்புள்ள ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். ராயபுரத்தில் ஒரு கொட்டகையில் தங்க இடம் பிடித்துக் கொடுத்தேன். எங்கள் தெருவின் அடுப்பு முழுக்க அந்த ஒரு ஹாட்ச்சை நம்பித்தான் எரிந்தது. மூன்றாம் நம்பர் ஹாட்ச்.

அவர்கள் கப்பலைப் பார்த்ததில்லை. ஏணியில் இறங்கும்போது பனைமரத்தைக் கட்டிப்பிடிப்பது போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வேலை மெதுவாகத்தான் போயிற்று. "உங்க ஊர்க்காரங்க நெல்லுக்குக் களை எடுக்கிற மாதிரி எடுக்கறாங்களே" என்று மானேஜர் சிரிக்காமல் சொன்னார்.

இதில் என் தலையில் இருந்தது வானம். கோதுமை நனைந்தால் கட்டி தட்டி, முளைவிட்டு, நாறிப்போகும். மழை வரும் என்று தோன்றினால் ஆட்களை மேலே ஏற்றி ஹாட்ச்சை மூடச் சொல்ல வேண்டியவன் நான். உள்ளே ஆளை வைத்துக்கொண்டு மூடக் கூடாது என்பது சட்டம். மூடுவதென்றால் லேசில்லை. முதலில் கனத்த தார்ப்பாயை அந்த வாயின் குறுக்கே இழுக்க வேண்டும். கப்பல் சிப்பந்திகள் மட்டும் போதாது, இரண்டு பக்கமும் நம் ஆட்களும் பிடிக்க வேண்டும். மழை வராமல் மூடிவிட்டால் அரை நாள் வேலை போயிற்று என்று கூச்சல். நான் பயந்த சுபாவம் வேறு. அந்த வாரம் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக மேகத்தைப் பார்த்து மூடினேன்; இரண்டு தடவையும் மேகம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்விட்டது. ஆபீசில் எனக்கு 'வானம் பார்த்த பூமி' என்று பெயர் வைத்தார்கள். மானேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு தரம் சும்மா மூடினீங்கன்னா உங்க ஊர் கேங்கை அனுப்பிடுவேன்."

"சரி சார்."

"கோதுமை நனைஞ்சாலும் அனுப்பிடுவேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது பழமொழி. எனக்கு மேல்பக்கமும் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னான். வெள்ளிக்கிழமை கொடும்பாவி கட்டி இழுக்கப் போகிறார்கள். மழை இல்லாத ஊரில் ஏதோ ஒரு பெரும்பாவி இருக்கிறான், அவன் செத்தால்தான் மழை வரும் என்று வைக்கோலில் ஒரு உருவம் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மார்பில் அடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் ஏரிக்குள் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். அன்று ஊரில் யார் வீட்டுக் கஞ்சியிலும் உப்புப் போடுவதில்லை. வெளியூரில் இருக்கிற ஊர்க்காரர்களும் ஒரு வேளை உப்பில்லாமல்தான் குடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கப்பலுக்கு எதிரே கொட்டகை நிழலில் எங்கள் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய அலுமினியத் தூக்கு. நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தேன். அண்ணன் பார்த்துவிட்டான்.

"டேய் தம்பி, எங்க ஓட்ற? வா, ஒரு வாய் துன்னு. அம்மா சொல்லி அனுப்பிச்சிகீது."

நான் கப்பலைத் திரும்பிப் பார்த்தேன். ஹாட்ச்சுகள் எல்லாம் குருவிக்குஞ்சுகள் மாதிரி வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. சாமியை நம்பாமலிருக்கும் அளவுக்கு நான் படிக்கவில்லை.

"அண்ணா, நான் துன்னு, மழ இங்க வந்துட்டா?"

"வரட்டுமே. அதுக்குத்தான துன்றோம்."

"ஹாட்ச் தொறந்துகீதுண்ணா."

அண்ணன் முகம் மாறியது. "ஊர்ல அம்மா மார்ல அடிச்சிக்கினு அய்து. நீ கதவு தொறந்துகீது ஜன்னல் தொறந்துகீதுன்ற."

கன்னியப்பன் மாமா கஞ்சியை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு நடுவே புகுந்தார். அவர் வாய் எப்போதும் அப்படித்தான். இழவு வீட்டிலும் யாராவது ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். "உடுடா முனுசாமி. அவன் பொயப்பு அவனுக்கு. மாப்ள, நீ இன்னா பண்ற, சாமி, ஊர்ல பெய், ஹார்பர்ல பெய்யாதன்னு வேண்டிக்கினு துன்னு. சாமிக்கு வெலாசம் தெரியாதா இன்னா? உத்திரமேரூர் தாலுக்கான்னு தெளிவா சொல்லிடு."

எல்லோரும் சிரித்தார்கள். "இத்தினி உப்புத் தண்ணிய எதிர்க்க வெச்சிக்கினு உப்பில்லாம துன்றது நாமதான்டா" என்றார் மறுபடி.

நான் வாங்கிக் குடித்தேன். கேழ்வரகுக் கஞ்சி. உப்பில்லாத கஞ்சி தொண்டையில் இறங்காது, நாக்கின்மேலேயே உட்கார்ந்துகொண்டிருக்கும். கண்ணை மூடி அவர் சொன்னபடியே வேண்டிக்கொண்டேன், தாலுக்கா உட்பட. வேண்டும்போதே பயம். இப்படி எல்லை கட்டி வேண்டினால் சாமிக்குக் கோபம் வந்து இரண்டு இடத்திலும் பெய்யாமல் போய்விட்டால்?

அவர்கள் ஏணியில் இறங்கிப் போனார்கள். நான் தளத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. அதற்குப் பின்னால், கீழ்வானத்தில், ஈயத்தை உருக்கி ஊற்றினாற்போல் ஒரு மேகம். கேப்டனுக்கு அடுத்தவரான சீஃப் மேட், வெள்ளைக்காரர், வாயில் இருந்த பைப்பை எடுத்து அதை அந்த மேகத்தின் பக்கம் நீட்டி, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மூடலாமா என்று அர்த்தம். நான் கையைக் காட்டினேன். பொறுங்கள் என்று அர்த்தம். என் காதில் மானேஜர் பேசிக்கொண்டிருந்தார். மேகம் நகர்கிறதா என்று மாஸ்ட் கம்பத்தில் ஒரு இடத்தைக் குறியாக வைத்துப் பார்த்தேன். வடக்கே நகர்வது போலிருந்தது. இன்னொரு தடவை பார்த்தால் நேரே வருவது போலிருந்தது. நாக்கில் அந்தக் கஞ்சி இன்னும் இருந்தது.

முதல் சொட்டு என் புறங்கையில் விழுந்தது. ஒரு ரூபாய் அகலம்.

"மேல வாங்க! எல்லாரும் மேல வாங்க! ஹாட்ச் மூடணும்!" என்று குனிந்து கத்தினேன்.

யாரும் வரவில்லை. உள்ளே பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது? அத்தனை பேரும் முறத்தையும் கோணியையும் போட்டுவிட்டு, முழங்கால் கோதுமையில் நின்றபடி, முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து வெளிச்சமும் மழையும் சேர்ந்து அவர்கள்மேல் விழுந்தது. இரண்டு வருஷமாக முகத்தில் மழை படாதவர்கள். மத்தியானம் உப்பில்லாமல் குடித்தார்கள், சாயங்காலத்துக்குள் வானம் பதில் சொல்லிவிட்டது. யாரோ "மய! மய!" என்று கத்த, ஹோல்டு முழுக்க எதிரொலித்தது. கன்னியப்பன் மாமா துண்டை உதறித் தலைக்குமேல் சுழற்றி ஆடினார். அண்ணன் என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான். "வந்துட்ச்சிடா தம்பி! வந்துட்ச்சி!" அவன் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் கல்யாணத்தில்கூட.

அவன் காலடியில் கோதுமை புள்ளி புள்ளியாகக் கறுத்துக்கொண்டிருந்தது.

மேட் என் தோளைப் பிடித்து உலுக்கினார். இங்கிலீஷில் அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது, மீதியும் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. மற்ற ஹாட்ச்சுகளை அந்தந்த ஆட்கள் மூடிக்கொண்டிருந்தார்கள்; எங்களுடையதில் சிப்பந்திகள் தார்ப்பாயின் மடிப்பைப் பிரித்து வைத்துவிட்டு, ஆள் பலம் இல்லாமல் நின்றார்கள். நான் மறுபடி கத்தினேன், கெஞ்சினேன், "கேங்க அனுப்பிடுவாங்கண்ணா" என்றேன். கீழே சந்தோஷத்தின் இரைச்சலில் என் குரல் போய்ச் சேரவே இல்லை. எங்கள் தெரு மொத்தமும் அந்த இருட்டுச் சதுரத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எல்லோருக்கும் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். வாய் தானாகத் திறந்தது.

"கரை போச்சே...! கரை போச்சி! ஓடியாங்கடோவ்!"

ஆட்டம் நின்றது. சுழன்ற துண்டு அப்படியே நின்றது. அடுத்த கணம் அத்தனை பேரும் குனிந்து ஆளுக்கொரு கோணியை எடுத்தார்கள். ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் அதில் எப்படி ஏறினார்கள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கால் வைத்து, கோணியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஊற்று மாதிரி மேலே வந்தார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் ஓடித் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். முன்னால் ஓடுகிறவன் நானாக இருந்ததால் பின்னால் அவர்கள் வந்தார்கள். அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி. "இழு! இழு!" தார்ப்பாய் சரசரவென்று வாயின் மேல் போய் மூடிக்கொண்டது. அதன் ஓரங்களில் கையிலிருந்த கோணிகளைச் செருகி, மேலே ஏறி உட்கார்ந்தார்கள். காற்று தூக்காமலிருக்க ஆளே கல்லானார்கள்.

பிறகுதான் மழை மழையாகப் பெய்தது.

தார்ப்பாயின் ஓரத்தைச் சுற்றி எல்லோரும் கரை கட்டினாற்போல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.  ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கப்பல், கிரேன், கடல். ஏரி இல்லை. அந்தக் கூவலை விளையாட்டுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்று என் வாயில் போட்டவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். எனக்கு மானேஜரை விட அப்போது அவனைத்தான் பயம்.

கன்னியப்பன் மாமாதான் மெல்ல ஆரம்பித்தார். "ஏன் மாப்ள, கரை எங்க கீது?"

நான் தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு கோணியைச் செருகிக்கொண்டிருந்தேன்.

அவர் கையை நெற்றியில் வைத்துக் கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "சமுத்திரத்துக்கே கரை ஒடஞ்சிட்ச்சின்னு இட்டாந்துட்டானே பாவி! இத்த அடைக்க எத்தினி கோணிடா வோணும்?"

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். தார்ப்பாயே குலுங்கியது. மேட் என்ன என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அணை உடைந்தது என்று சொன்னேன். அவர் துறைமுகத்தைச் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பைப்பைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தார்ப்பாயின் கயிற்றை முடிபோட்டுக்கொண்டிருந்தான். முடிந்த பிறகும் அவிழ்த்து மறுபடி போட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"நைனா கொரலு மாரியே இருந்துச்சிடா."

கயிற்றை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான்.

"ரொம்பினாத்தான கரை ஒடையும்? நீ கூவனதும் ஏரி ரொம்பிட்ச்சின்னு நென்ச்சிட்டேன்."

மழை விட்ட பிறகு மானேஜர் குடையோடு வந்தார். தார்ப்பாயைத் தூக்கச் சொன்னார். மேலாக நனைந்ததை எங்கள் ஆட்கள் இறங்கித் தனியே அள்ளி ஒதுக்கினார்கள். அவர் அதன் பக்கத்தில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். உலர்ந்திருந்தது.  திட்டுவதற்கு விஷயம் இல்லாவிட்டால் அவர் பேச மாட்டார். மறுநாளும் கேங் வேலைக்கு இறங்கியது.

அந்த மழை பல்லாவரத்தைத் தாண்டவில்லை. ஊரிலிருந்து வந்தவன், ஏரிக்குள் எரித்த கொடும்பாவியின் சாம்பல்கூட நனையவில்லை என்றான். "நீ வெலாசத்த மாத்திச் சொல்லிட்ட மாப்ள" என்று கன்னியப்பன் மாமா பல நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் அது கேலி மட்டும்தானா என்று பயமாக இருக்கும். கண்ணை மூடி வேண்டும்போது எந்த மூலையிலாவது நான் தவறிப்போய் மாற்றி நினைத்துவிட்டேனோ?

கார்த்திகையில் ஒரு காலை, கப்பல் ஏணியடியில் ஆட்களுக்காகக் காத்திருந்தேன். சங்கு ஊதியது. வின்ச் ஓட்டுகிறவர் மேலேயிருந்து கையை விரித்தார். மூன்றாம் நம்பர் ஹாட்ச்சுக்கு ஒருவரும் வரவில்லை. ராயபுரம் கொட்டகைக்கு ஓடினேன். பாய்கூட இல்லை, சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆள் இல்லாத ஹாட்ச், காத்திருக்கும் வாகன், வரப்போகும் மானேஜர்.  ஆனால் காரணம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனில் சொன்னேன்: "ஊர்ல மழை சார். ஏரிக்குத் தண்ணி வந்திருக்கும். நாத்து விடப் போயிட்டாங்க." அந்தப் பக்கம் அவர் கத்தினார். வேலையில் திட்டு வாங்கிக்கொண்டே சந்தோஷமாக இருந்தது எனக்கு அன்று ஒரு நாள்தான். பிறகு ஆள் பிடிக்க நாய் மாதிரி அலைந்தேன், அது வேறு.

அண்ணன் அதற்கப்புறம் கப்பல் பக்கம் வரவில்லை. நான் அங்கேயே இருந்தேன். கப்பல்கள் பெரிதாயின. ஹாட்ச்சுகளுக்கு இரும்பு மூடி வந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் தானே சாத்திக்கொண்டது. பிறகு ஹோல்டுக்குள் மனிதர்கள் இறங்குவதே நின்றது. எல்லாம் இரும்புப் பெட்டிகள். அவற்றின்மேல் எவ்வளவு மழை பெய்தாலும் யாரும் தலையைத் தூக்குவதில்லை. நான் மானேஜராகி, ஏசி அறையில் உட்கார்ந்த பிறகும் மேகம் கறுத்தால் எழுந்து ஜன்னலுக்குப் போவேன். "சார், கன்டெய்னர் சார்" என்று பையன்கள் நினைவுபடுத்துவார்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஊரில் இருந்தேன். அண்ணனுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, காது மட்டும் கூர்மை. ஏரி பல வருஷத்துக்குப் பிறகு நிரம்பியிருந்தது. ஏரி உள்வாயில் பாதிக்கு வீடுகள், மீதியில் தண்ணீர். காலையில் மடைக்குப் பக்கத்தில் கரை விண்டுகொண்டது. தெருவில் பையன்கள் செல்போனைப் பார்த்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். ஒரு பொக்லைன் வந்து அள்ளி அள்ளிக் கொட்டியது. யாரும் ஓடவில்லை, யாருக்கும் சேறு படவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"கரை ஒடஞ்சிதா? எப்ப?"

"காலைலயேண்ணா. அடைச்சிட்டாங்க."

அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "என் காதுல வுயிலியே. யாரும் கூவலியா?"

"போன்ல சொல்லிக்கிறாங்கண்ணா. மிஷின் வந்துட்ச்சி."

அவன் வாசல் பக்கமாகக் காதைத் திருப்பினான். வெளியே பொக்லைன் உறுமுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏரி ரொம்பிச்சே, நெசமாவே ரொம்பிச்சே" என்றான். "நீ இங்கதானடா இருந்த? நீயாச்சும் கூவியிருக்கலாமே."